எண்ணெயையும் நீரையும் பிரியாமல் நிறுத்தும் கடற்பாசி

கடலில் விளையும் பாசிக்கும் நிலத்தில் ஏர் பிடிப்பவருக்கும் யாது சம்பந்தம் என்று மிராசுதார்கள் வினவக்கூடும். கடலையும் எள்ளும் விளைவித்து எண்ணெய் விற்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஒரு சீசாவில் தண்ணீரும் சிறிது கடலையெண்ணெயும் விட்டுக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். சற்றுப் பொறுத்தால் எண்ணெய் மேலே மிதந்துவிடும். எண்ணெய் நுண்துளிகளாய்ச் சிதறியதேயன்றி நீரில் கரையவில்லை. இத்தகைய கலவை பால்மம் எனப்படும். கறந்த பாலும் பால்மமே. அதில் ஏடு கூடுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். பிரியாது தடுக்க உபாயங்கள் இரண்டு. ஒன்று, துளியைச் சுற்றி உறை அமைப்பது; முட்டையின் மஞ்சட்கரு இதைச் செய்கிறது. மற்றொன்று, துளிகள் எளிதில் அசையாதபடி நீரையே கெட்டிப்படுத்துவது. பாசிச் சத்தின் வேலை பெரும்பாலும் இதுவே.

காப்பாபைக்கஸ் என்னும் செம்பாசியிலிருந்து கேரஜீனன் கிடைக்கிறது. அது வெந்நீரில் கரைந்து, ஆறும்போது இறுகும். கட்டக்கோரைப் பாசியின் ஆல்ஜினேட்டோ, சூடின்றியே சுண்ணாம்புச் சத்துப் பட்டவுடன் இறுகும்.

இக்காலத்தில் உணவை அச்சிடும் இயந்திரங்கள் வந்துள்ளன. முறுக்குப் பிழிவதை நினைத்துக்கொண்டால் போதும். மாவு இளகினால் முறுக்கு சரியும்; இறுகினால் பிழிய வராது. அழுத்துகையில் இளகி, வெளிவந்தவுடன் கெட்டிப்படும் பக்குவம் வேண்டும். பாசிச் சத்து அளவறிந்து சேர்ந்த பால்மத்திற்கு அக்குணம் வாய்க்கிறது. விழுங்க இயலாத முதியோருக்காக, மசித்த காய்கறியையும் இறைச்சியையும் பழைய வடிவிலேயே அச்சிட்டுத் தரும் முயற்சி ஐரோப்பாவில் 2012 முதல் 2015 வரை நடைபெற்றது. மீனெண்ணெயோ, எண்ணெயில் கரையும் ஏ, டி வைட்டமின்களோ சேர்ப்பதாயின் பால்மம் பிரியவே கூடாது. பிரிந்தால் ஒரு துண்டில் மருந்து மிகும்; மறு துண்டில் இராது. உண்பவர் நோயாளி என்பதை மறத்தலாகாது.

இராமநாதபுரம் கரையோரத்தில் செம்பாசியை மூங்கில் தெப்பங்களில் கட்டிச் சுமார் 45 நாளில் அறுக்கிறார்கள். பச்சைப் பாசியைப் பிழிந்த சாற்றை நீர் சேர்த்துப் பயிர்களின் இலைமேல் தெளிக்கலாம். சக்கையிலிருந்து கேரஜீனன் எடுக்கலாம். ஒரே விளைவில் வயலுக்கும் ஆலைக்கும் பங்குண்டு! ஆனால் வெறுமணலில் பரப்பி உலர்த்திய சரக்கு உணவுக்கு உதவாது. சாரத்திலோ சுத்தமான விரிப்பிலோ காயவைத்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். குருசடைத் தீவருகே இப்பாசி பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பது 2008-இல் வெளிப்பட்டது. பாறை மடிந்தால் அங்கு மீனும் குறையும். ஆதலின் புதிதாய்த் தெப்பமிட விரும்புவோரை, இடம் தெரிந்தெடுக்குமுன்னரே மீன்வளத் துறையாரிடம் அனுப்பிவைக்கவும்.