பர்கர் தட்டில் ஒரு தண்ணீர்க் கணக்கு

அமெரிக்காவின் சாலையோர உணவகங்களான டைனர்கள் பலவற்றில் பர்கர், பிரெஞ்ச் ஃப்ரைஸ், கோல்ஸ்லா எனும் முட்டைக்கோஸ் சாலட் மூன்றும் ஒரே தட்டில் வந்துவிடும். ருசிக்குக் காரணம் சாஸும் மசாலாவும் என்றுதான் நினைப்போம். சமையல் அறிவியலோ முதலில் தண்ணீரைப் பார்க்கிறது. எங்கே அது வெளியேற வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பதில்தான் சமையல்காரரின் கைத்திறன் இருக்கிறது.

ஸ்மாஷ் பர்கர் போடுபவரைக் கவனியுங்கள். அரைத்த மாட்டிறைச்சி உருண்டையை நன்கு காய்ந்த இரும்புக் கல்லில் வைத்து, தோசைத்திருப்பியால் ஓங்கி அழுத்துகிறார். சுரீரென்று ஆவி கிளம்புகிறது. ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அது வற்றிய பிறகு சூடு மளமளவென ஏறி, 140 டிகிரியைத் தாண்டும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விறுவிறுவென வினைபுரிகின்றன. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் அப்போது பிறப்பவைதான். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையாரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. நசுக்கினால் கல்லில் படும் பரப்பு கூடும், மொறுமொறுப்பும் கூடும்.

கறியில் உப்பை முன்கூட்டியே பிசைந்து வைக்கக் கூடாது. தசையிலுள்ள மயோசின் புரதம் கரைந்து பசைபோல் ஒட்டிக்கொள்ள, பர்கர் ரப்பராகிவிடும். கல்லில் போடும் நேரத்தில் மேலே தூவினால் போதும்.

சாறு தங்க வேண்டுமே என்று அரைவேக்காட்டில் இறக்கவும் முடியாது. முழுத்துண்டு ஸ்டேக்கில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; அரைக்கும்போது அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை ஸ்டேக்குக்கு 63 டிகிரி போதும் என்கிறது; அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதியோ 71 டிகிரியை எட்ட வேண்டும் என்கிறது. அந்தச் சூட்டில் இழக்கும் சாற்றைக் கொழுப்பு ஈடுகட்டுகிறது. பலரும் 20 சதவீதம் கொழுப்புள்ள கறியைத் தேர்ந்தெடுப்பது இதற்காகவே.

ஃப்ரைஸை இரண்டு முறை பொரிப்பார்கள். 160 டிகிரிவாக்கில் முதல்முறை பொரிக்கும்போது உள்ளிருக்கும் மாவுச்சத்து வெந்து மெத்தென்றாகும். ஆறவிட்டு 180 டிகிரிக்கு மேல் மறுபடி போட்டால் மேல்தோல் உலர்ந்து முறுகும். எண்ணெயில் கிடக்கும்வரை உள்ளிருந்து சீறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாது. வெளியே எடுத்ததும் ஆவி அடங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. கூடையை உடனே குலுக்கி எண்ணெய் வடிப்பது அதனால்தான். உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கருகும்.

கோல்ஸ்லாவில் உப்பு முட்டைக்கோஸின் நீரை வெளியே இழுக்கிறது. முன்பே உப்பிட்டுப் பிழிந்த பிறகு மயோனைஸ் கலந்தால் தட்டில் நீர் தேங்காது.

சாப்பிடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஃப்ரைஸின் உள் ஈரம் ஆற ஆற மேல்தோலுக்கு வந்துவிடும். மூடிய பார்சல் பெட்டியில் இன்னும் வேகமாக. முதலில் ஃப்ரைஸை முடியுங்கள். அடுத்து, சாறு பன்னில் ஊறுவதற்குள் பர்கர். கோல்ஸ்லா காத்திருக்கும்.