பாதி கலர், முழுப் பாசம்!

லீவு விட்டால் சங்கரன்கோவிலுக்கு ரயில் ஏறாத பிள்ளைகள் உண்டா? விருதுநகர்-தென்காசி ரயில் பாதை 1927-ல் வந்தது. ஆடித்தபசுக்கு ஊர் திரும்புகிறவர்களும், குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களும் அதே வண்டியில்தான் நெருக்கியடித்து வந்தார்கள்.

அந்தப் பாதை தொடங்கும் விருதுநகரில்தான், 1916-ல் காளிமார்க் குளிர்பானமும் பிறந்தது!

விருந்தாளி வந்தால் அந்நாளில் கலர் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உபசாரம் குறை. சாதாரணக் குடும்பத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் வரும். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் வாங்கி வந்த பையன் பக்கத்திலேயே நிற்பான். கதவோரம் தங்கைகள் இருவர்.

கோலி சோடா என்றால் வேடிக்கை வேறு. உள்ளே இருக்கும் வாயுதான் கோலியை மேலே தள்ளி, வாயை அடைத்து நிற்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் 'டப்'! 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் செய்த யுக்தி அது.

மாமா பாதி குடிப்பார். "எனக்குப் போதும்மா, பல் கூசுது" என்பார். பல்லுக்கு ஒன்றும் இல்லை என்பது அத்தைக்குத் தெரியும்.

மிச்சத்தைப் பங்கு போடுவது மூத்தவள் வேலை. கடைசிச் சொட்டு கடைக்குட்டிக்கு.