குழி சரி, வழி சரியா?

கோவையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “சி.என்.சி. மேசையில் பிளாஸ்மா கட்டர் ஓட்டுகிறேன். பொறி கிளம்பியதும் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது. எர்த் குழி புதிதாகப் போட்டதுதான். பிறகும் ஏன்?”

குழி நன்றாகவே இருக்கலாம். அதற்குப் போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பல பிளாஸ்மா கட்டர்களில் முதல் பொறியைக் கிளப்புவது சில ஆயிரம் வோல்ட் மின்சாரம். அது நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும். அந்தத் துடிப்பு பக்கத்து கேபிள்களிலும் தொற்றிக்கொள்வதால் கம்ப்யூட்டர் குழம்புகிறது.

அதைக் குழிக்கு இறக்க வேண்டியது எர்த் ஒயரின் செம்பு. இந்த இடத்தில் அது காட்டும் வித்தை எனக்கு அலுப்பதே இல்லை. 4 சதுர மி.மீ. ஒயரில் 3 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்துக்கு அது தரும் தடை 0.013 ஓம், இல்லையென்றே சொல்லலாம். நொடிக்கு 10 லட்சம் சுற்று என்றால் அதே ஒயர் ஏறத்தாழ 20 ஓம் மறிக்கிறது. ஆயிரம் மடங்குக்கும் மேல்! ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலம் மாற்றத்தை எதிர்க்கிறது. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை மெதுவாகத் தள்ளினால் ஒரு விரலுக்குத் திறக்கும். படபடவென்று முன்னும் பின்னும் ஆட்டினால் அசைந்து கொடுக்காது. அப்படித்தான் இதுவும்.

ஆகவே மிச்ச ஒயரைச் சுருட்டித் தொங்கவிடாதீர்கள். சுருள் அந்த எதிர்ப்பை இன்னும் கூட்டும். மேசையிலிருந்து குட்டையான, அகலமான செம்புப் பட்டையை இழுங்கள். மேசை, கட்டர், கம்ப்யூட்டர் மூன்றின் எர்த்தும் ஒரே இடத்தில் சேரட்டும். ஒர்க் கிளாம்ப்பைத் துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இரும்பில் கடியுங்கள்.

தொல்லை தீரவில்லையென்று எர்த் ஒயரையே கழற்றிவிடும் பட்டறைகள் உண்டு. மேசைக்கென்று மண்ணில் தனி எர்த் கம்பி அடித்து, பழைய எர்த்தோடு சேர்க்காமல் விடுபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. உள்ளே ஒயர் உரசி 230 வோல்ட் மேசைக்கு வந்தால், அதைத் தொடுவது கூலிக்கு வந்த பையனின் கை. பல லட்சத்துக்கு மெஷின் வாங்குகிறவர் மின்கசிவு கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டக் கணக்குப் பார்க்கலாமா? மாட்டியதோடு விடாமல் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வேலை மறுநாள் நடக்கட்டும்.