ஏற்புடைமை: ஐரோப்பிய மனித உரிமை வழக்குகளில் ஒரு கலைச்சொல்

ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற்கு வரும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை நுழைவாயிலிலேயே தள்ளப்படுகின்றன. உரிமை மீறப்பட்டதா என்பது ஒரு வினா. அவ்வினாவை நீதிமன்றம் ஆராய்ந்து தீர்ப்பளிக்கலாமா என்பது அதற்கு முந்திய வினா. முந்தியதையே ஆங்கிலத்தில் ‘அட்மிசிபிலிட்டி’ என்பர். இந்திய நீதிமன்றங்களில் இச்சொல் பெரும்பாலும் சான்றைச் சார்ந்தே வழங்குகிறது. மனுவைக் குறித்து ‘மெயின்டெய்னபிலிட்டி’ என்பதே வழக்கறிஞர் வழக்கு. ‘அனுமதிக்கத்தக்கமை’ என்னும் பெயர்ப்பு, யாரோ மனமிரங்கி இசைவளிப்பதான பொருளைத் தந்துவிடுகிறது. ‘ஏற்புடைமை’ அக்குறையற்றது.

1950இல் கையொப்பமான ஐரோப்பிய உடன்படிக்கையின் 34, 35ஆம் உறுப்புகள் இதற்குரிய நிபந்தனைகளைக் கூறுகின்றன. பெயரில்லா மனு கூடாது, முன்னரே ஆராயப்பட்டதன் மறுபடியாக இருத்தல் கூடாது என்பன போன்றவற்றைப் பெயர்ப்பதில் இடரில்லை. உள்நாட்டில் பரிகாரம் தேடி முடித்திருக்க வேண்டும் என்பதில் இடர் தொடங்குகிறது. இதனைத் ‘தீர்வுகள் தீர்ந்த பின்’ என்றால், சிக்கலே முடிந்துவிட்டது என்ற எதிர்ப்பொருள் பிறக்கும். ‘உள்நாட்டுப் பரிகார வழிகளை இறுதிவரை நாடியிருத்தல்’ என்பது நீளமாயினும் பிழையற்றது. அவ்வழியில் கிடைத்த இறுதி முடிவிலிருந்து நான்கு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். 2022 பிப்ரவரிக்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது; பழைய பெயர்ப்புகளை நம்புவோர் காலக்கெடுவையே இழக்க நேரும்.

‘மேனிஃபெஸ்ட்லி இல்-ஃபவுண்டெட்’ என்னும் தொடரை ‘வெளிப்படையாக ஆதாரமற்றது’ எனப் பெயர்ப்பதுண்டு. மனுதாரர் பொய்யுரைத்தார் என்றே அது ஒலிக்கிறது. நீதிமன்றமோ செய்திகளை விரிவாக ஆராய்ந்த பின்னும் இக்காரணத்தைக் காட்டுவதுண்டு. மூலத்தில் உள்ளது அடிப்படையின் இன்மையன்று, குறைபாடு. பிரெஞ்சு வடிவமும் அதையே சொல்கிறது. ‘தெளிவாகவே அடிப்படை வலுவற்றது’ என்பது ஓரளவு பொருந்தும்.

மிகுந்த கவனத்திற்குரியது ‘விக்டிம்’ என்னும் சொல். மனு செய்பவர் தம்மை ‘விக்டிம்’ எனக் கூறத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பது 34ஆம் உறுப்பு. இனி நிகழவிருக்கும் தீங்கும் இதில் அடங்கும் என்பதை, ஒருவரைப் பிரிட்டன் அமெரிக்காவிடம் ஒப்படைப்பது குறித்த 1989ஆம் ஆண்டின் சோயரிங் தீர்ப்பு காட்டியது. இலங்கைத் தமிழர் இருவர் பிரான்சுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1992இல் முடிவு வேறாயிற்று. புகலிடம் மறுக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறுமாறு அவர்களிடம் கூறப்பட்டிருந்தது. எனினும் வெளியேற்றும் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. ஆகவே அவர்கள் தம்மை ‘விக்டிம்’ எனக் கூறவியலாது என்று நீதிமன்றம் கொண்டது. வழக்கின் உட்பொருளுக்குள் செல்லவில்லை.

இதனை ‘அவர்கள் பாதிக்கப்பட்டவர் அல்லர்’ என்று பெயர்த்தால், இலங்கையில் அவர்களுக்கு எத்துன்பமும் நேரவில்லை என்று நீதிமன்றம் கண்டதாகவே தமிழ் வாசகர் கொள்வார். நீதிமன்றம் அவ்வாறு சொல்லவில்லை. நேர்ந்த தீங்கையும் நேரவிருக்கும் தீங்கையும் ஒருங்கே தழுவும் ‘மீறலுக்கு நேரடி இலக்கானவர்’ என்னும் தொடர் இங்கு ஆராயத்தக்கது.