கேப்டனும் வீரபத்திரனும்... நடுவில் கூலிக்காரனும்!

1991 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ விஜயகாந்துக்கு நூறாவது படம். ‘கேப்டன்’ என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டதும் இதற்குப் பிறகுதான். ஆர்.கே.செல்வமணி இயக்கம், இளையராஜா இசை. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனை நினைவூட்டும் வீரபத்திரனாக மன்சூர் அலிகான் மிரட்டினார். சரத்குமார் நடித்த வன அதிகாரி கொல்லப்பட, நண்பன் பிரபாகரன் காட்டுக்குள் இறங்குகிறார். 2025 ஆகஸ்டில் 4கே தரத்தில் மறுபடி வந்தபோதும் தியேட்டரில் விசில் பறந்தது.

கொலைகாரனோடு, அவனுக்குக் குடைபிடித்த பெரிய மனிதர்களையும் படம் கூண்டில் ஏற்றியது. ஆனால், கோடரி பிடித்த கூலிக்காரன்? அவன் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான்.

அந்தக் கூலிக்காரனைப் பார்க்க ஜவ்வாது மலைக்குத்தான் வர வேண்டும். சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. அடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. பட்டையையும் வெளிமரத்தையும் செதுக்கித் தள்ளினால் உள்ளே வாசனை வைரம். காசு அதற்குத்தான். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்குச் சாமையும் தேனும் புளியும் போக, மிச்ச வருமானம் கூலி வேலைதான். மரம் வெட்டத் தெரிந்த அந்தக் கையைத்தான் கடத்தல் ஏஜென்ட்டுகள் தேடி வருகிறார்கள்.

படம் வெளியான மறுவருடம், 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவார வாச்சாத்தி. சந்தனக்கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

சந்தனம் குறைந்ததும் ஏஜென்ட்டுகளின் வண்டி ஆந்திரத்துச் செம்மரக் காட்டுக்குத் திரும்பியது. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள்.

அதிகாரி, கடத்தல்காரன் என்று இரண்டே பேரை வைத்துக் கதை சொன்னால் சண்டைக் காட்சி சூடு பிடிக்கும். வழக்கு மட்டும் பாதியில் நிற்கும். மரம் யாருக்காக வெட்டப்பட்டது என்று கேட்காதவரை, மாட்டுவது மலைக்காரன் மட்டும்தான்.