காலால் வென்றவர், நாவாலும் வென்றார்

நன்றாகப் பாடத் தெரிந்தவர் எல்லோருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வருவதில்லை. சங்கீத வகுப்புக்குப் போய்வரும் தோழியருக்கு இது தெரியும். விளையாட்டிலும் இதே கதைதான். களத்தில் பெயர் வாங்கிய எத்தனையோ பேர், பயிற்சியாளர் நாற்காலியில் அமர்ந்ததும் தடுமாறியிருக்கிறார்கள். இரண்டிலும் ஓங்கி நின்றவர்கள் சிலரே. அவர்களுள் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். கிரிக்கெட் மட்டை இல்லாத தெருவே இல்லாத எங்கள் கோவிலம்பாக்கத்தில் அவர் பெயரை அறிந்தவர் குறைவு. பிரதீப் குமார் பானர்ஜி, சுருக்கமாக பி.கே. பானர்ஜி என்பதே அப்பெயர்.

ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராக உயர்ந்தவர்கள் என்றால் உலகம் முதலில் ஸ்காட்லாந்தைத்தான் நினைக்கும். மாட் பஸ்பி, பில் ஷாங்க்லி, ஜாக் ஸ்டீன் மூவரும் அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் பிறந்தவர்கள். இவர்களில் பஸ்பியின் கதை வேடிக்கையானது. ஆட்டக்காரராக இருந்தபோது அவர் மான்செஸ்டர் சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் ஆடினார். 1945இல் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றதோ அவ்விரு சங்கங்களுக்கும் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டில்! நம் பானர்ஜியின் வாழ்விலும் இதைப் போன்ற ஒரு முரண் உண்டு. கல்கத்தாவின் இரு பெரும் சங்கங்களான ஈஸ்ட் பெங்காலையும் மோகன் பகானையும் பயிற்றுவித்துப் புகழ்பெற்ற அவர், அவ்விரண்டில் ஒன்றுக்கேனும் ஆட்டக்காரராக ஆடியதில்லை.

1936ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வங்காளத்தின் ஜல்பாய்குரியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். பதினைந்து வயதிலேயே பீகார் மாநிலத்துக்காக சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடினார். நம்மில் பலர் பத்தாம் வகுப்புக்கு அட்டை போடும் வயது அது. 1954இல் கல்கத்தாவின் ஆரியன் சங்கத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே கிழக்கு ரயில்வே அணிக்குப் போனார். ஆட்டமும் வேலையும் ஒரே இடத்தில் கிடைத்தன. பிறகு அவர் அங்கிருந்து அசையவே இல்லை. 1958இல் பெரிய சங்கங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. ஓர் அலுவலக அணி அப்படி வென்றது அந்நாளில் பெரும் அதிசயம்.

வலது ஓரத்தில் பந்தைக் கொண்டு விரைந்து, வலிமையாக உதைப்பது அவர் ஆட்டம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித் தலைவரே அவர்தான். பிரான்சுக்கு எதிராக அவர் போட்ட கோலால் ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்தது. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது கால்பந்துக்காக அதைப் பெற்றவரும் அவரே. பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்ற மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் கால்பந்து ரசிகர்களிடம் இன்றும் உண்டு.

ஆனால் அவருக்குள் இருந்த பயிற்சியாளர் உருவான இடம் ஜகார்த்தா என்றே நாங்கள் நினைக்கிறோம். 1962இல் அங்கு ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்ததால், அனைவருக்கும் அவர் 'ரஹீம் சாகிப்'. அவர் அப்போது புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 என்று இந்தியா தோற்றது. போதாக்குறைக்கு, இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் உள்ளூர் மக்களின் கோபம் முழுவதும் நம் ஆட்டக்காரர்கள் மேல் திரும்பியது. நம் தேசிய கீதத்தின்போதே கூச்சல் எழுந்தது.

இந்த நிலையில் ரஹீம் சாகிப் செய்ததைப் பாருங்கள். தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் பின்கள ஆட்டக்காரர். தடுப்பதில் தலை அடிக்கடி மோதுமே என்று ஒதுக்கிவைக்காமல், அவரை முன்களத்துக்கு அனுப்பினார். மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் பெயர் வாங்கிய நெடிய உருவத்தினர் பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்தில் கோல் காக்க நிறுத்தினார். முந்தைய இரவில் ஆட்டக்காரர்களைக் கூட்டி, தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். செப்டம்பர் 4ஆம் நாள், நூறாயிரம் பேர் எதிராகக் கத்த, அதே தென்கொரியாவை 2–1 என்று இந்தியா வென்றது. முதல் கோல் பானர்ஜியுடையது. இரண்டாவது தையல் போட்ட தலையுடன் ஆடிய ஜர்னைலுடையது. மறு ஆண்டு ஜூனில் ரஹீம் சாகிப் மறைந்தார்.

ஒரு சொல் ஓர் அணியை என்ன செய்யும் என்பதைப் பானர்ஜி அங்கே கண்ணெதிரில் கண்டார்.

1967இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் பழைய பெயரை வைத்து நேரே பயிற்சியாளராகிவிடவில்லை. 1969இல் ஜப்பான் சென்று, டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானிய ஆசானின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்து முறைப்படி படித்துத் தேறினார். ஒலிம்பிக்கில் நாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மீண்டும் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பயனும் உடனே தெரிந்தது. 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் ஜி.எம்.எச். பாஷாவும் அவரும் பயிற்றுவித்த இந்திய அணி வெண்கலம் பெற்றது. அதற்குப் பின் இன்று வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துப் பதக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து அவர் கல்கத்தாச் சங்கங்களுக்கு வந்தார். அங்கே கால்பந்து என்பது வெறும் ஆட்டமன்று. 1889இல் தோன்றிய மோகன் பகான் வென்றால் அதன் ரசிகர் வீட்டில் இறால் சமைப்பார்கள். 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் ரசிகர் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு கொதிக்கும். தோற்ற வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே சந்தேகம். 1972இல் ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பை ஏற்ற பானர்ஜி, நான்கு ஆண்டும் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 1975 செப்டம்பர் 30ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என்று அவருடைய அணி தோற்கடித்தது. சரி, அடுத்த ஆண்டு அவர் எங்கே போனார்? மோகன் பகானுக்கேதான்! ஐந்து கோல் வாங்கிய வீட்டார் அவரையே அழைத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சுக்குக் கல்கத்தா பத்திரிகைகள் 'வோக்கல் டானிக்' என்று பெயர் சூட்டியிருந்தன. நம் வீட்டு அலமாரியில் அம்மா வைத்திருக்கும் டானிக் புட்டியைப் போலன்றி, இது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரைப் புகழ்ந்தால் கால் எழும்பும். இன்னொருவரைச் சீண்டினால்தான் ரோஷம் வரும். மற்றொருவர் தோளில் கை போட்டால் போதும். யாருக்கு எது என்று அறிவதுதான் வித்தை. உடற்பயிற்சியிலும் அவர் கண்டிப்பானவர்தான். பேச்சால் மட்டுமே வென்றார் என்று சிலர் சொல்வது நியாயமன்று. காலையில் ஓடாத காலுக்கு மாலையில் சொன்ன சொல் எப்படி ஏறும்?

1977 செப்டம்பர் 24ஆம் நாள் அவர் வாழ்வில் மறக்க முடியாதது. நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் பெலே கல்கத்தா வந்தார். சில வாரங்களுக்கு முன்தான் மோகன் பகான் லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்காலிடம் இழந்து நொந்திருந்தது. மழையில் ஊறிய ஈடன் தோட்ட மைதானத்தில், பெலேயை நிழல்போல் தொடரும் பொறுப்பைப் பானர்ஜி கௌதம் சர்க்காருக்குக் கொடுத்தார். பெலேயால் கோல் போட முடியவில்லை. ஷியாம் தாப்பாவும் ஹபீபும் கோல் போட, ஆட்டம் 2–2 என்று முடிந்தது. நான்கு நாளில் அதே அணி ஈஸ்ட் பெங்காலை வென்று ஷீல்டைக் கைப்பற்றியது. அந்தப் பருவத்திலேயே ரோவர்ஸ், டூரண்ட் கோப்பைகளும் வந்து சேர்ந்தன.

1997இல் அறுபத்தொரு வயதில் அவர் மீண்டும் ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் எதிரணி மோகன் பகான்; அதன் பயிற்சியாளர் அமல் தத்தா. அவர் நுட்பம் தெரிந்தவர், வாய்த்துடுக்கும் உள்ளவர். பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றும், ஓமோலோ என்ற ஆட்டக்காரரை 'ஆம்லெட்' என்றும் கேலி பேசினார். பானர்ஜி பதிலுக்கு ஏசவில்லை; அக்கேலியையே தம் பிள்ளைகளுக்கு டானிக்காகக் கலந்து கொடுத்தார். ஜூலை 13ஆம் நாள் சால்ட் லேக் அரங்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. இறுதியாட்டத்தில் கோவாவின் சால்கோகரிடம் அந்த அணி தோற்றது என்பதை இன்று பலர் நினைவில் வைத்திருப்பதில்லை.

இதற்கு முன் 1991 முதல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கால்பந்துப் பயிற்சிப் பள்ளிக்கு அவர் தொழில்நுட்ப இயக்குநராக இருந்து சிறுவர்களைப் பயிற்றுவித்தார். 1990இல் பத்மஸ்ரீயும், 2004இல் ஃபீஃபாவின் நூற்றாண்டுச் சிறப்பு விருதும் பெற்றார். 2020 மார்ச் 20ஆம் நாள் கொல்கத்தாவில் காலமானார். அவருடன் இணைத்தே பேசப்பட்ட சுனி கோஸ்வாமி அடுத்த மாதமே மறைந்தார்.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருடைய பிறந்தநாளான ஜூன் 23ஐ, சிறுவர் சிறுமியருக்கான அடித்தளக் கால்பந்து நாளாகக் கொண்டாடுகிறது. அன்று பந்தைத் தொட ஆண், பெண் என்ற பேதமில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து சில நாட்களுக்குள் வரும் நாள் அது. நம் மைதானத்தில் அப்போது புழுதிதான் இருக்கும், சேறு இருக்காது.