பந்து சோறு போடுமா?

ஈஜிபுராவில் எங்கள் வீட்டிலிருந்து கோரமங்கலா உள்விளையாட்டரங்கம் நடக்கிற தூரம்தான். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அந்தப் பக்கத்து மைதானம் ஒன்றுக்குப் பேத்தியைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு அழைத்துப் போவதே இப்போது என் உத்தியோகம். இந்த வருஷம் அவள் பி.யூ.சி. "பந்து சோறு போடுமா, மாமா?" என்று மருமகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

பதிலாக அனிதா பால்துரையைச் சொன்னேன். சென்னைப் பெண். தடகளம், வாலிபால் என்றிருந்தவர் கூடைப்பந்துக்கு மாறினார். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண். அமெரிக்காவில் இதற்கென்றே சம்பளம் கொடுக்கும் பெண்கள் லீக் 1997லிருந்து நடக்கிறது. இவருக்குச் சோறு போட்டது சதர்ன் ரயில்வே வேலை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சர்வீஸில் இருந்தபோது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த ஒரு பையன் டோர்னமென்ட் என்று கிளம்பினால் அவன் வேலையும் என் தலையில் விழும். "பந்தைத் தட்டினால் தண்டவாளம் நிமிருமா?" என்று முணுமுணுத்தவன் நான். இன்று பேத்தியின் பந்துப் பையைச் சுமக்கிறேன்!

2017 ஜூலை 29. கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். சின்னவளாக இருந்த பேத்தியோடு போயிருந்தேன். கஜகஸ்தான் பெண்கள் நல்ல உயரம். கடைசி வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை. 75–73 என்று நம் பெண்கள் ஜெயித்து முதல் பிரிவுக்குப் போனார்கள். அணியில் அனிதாவும் இருந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் பேத்திக்கு இன்னும் விடவில்லை.

சுமார் 18 வருஷம் நாட்டுக்காக ஆடியவருக்கு அர்ஜுனா விருது கிடைக்கவில்லை. 2021ல் பத்மஸ்ரீ வந்தது. ஆட்டத்தை நிறுத்தியபின் பயிற்சி கொடுக்கப் போனார். அது வேறு வேலை, அன்பர்களே. ஆடுகிறவருக்குத் தன் கையிலுள்ள பந்து ஒன்றே கவலை. கோச்சுக்கோ பன்னிரண்டு பேரின் முழங்காலும் கவலை, கோபமும் கவலை. பட்டியாலாவில் இதற்கென்றே டிப்ளமோ படிப்பு இருக்கிறது என்று மருமகளிடம் சொன்னேன். "நீங்களும் டிப்ளமோதானே மாமா, அதான் பரிந்து பேசுகிறீர்கள்" என்றாள்.

வாரம் மூன்று நாள் பந்து, மற்ற நாள் பிசிக்ஸ் என்று உடன்பாடு. நேற்று மழை, பயிற்சி இல்லை. பிசிக்ஸும் நடக்கவில்லை.